சதுப்புல ஏன் மரம் நடக் கூடாது? நீலகிரிச் சதுப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மேல்மலையில் கெட்டுப்போன சில சிறு சதுப்புகளைச் சரிசெய்யும் வேலையில் நண்பர்கள் சிலரோடு ஒன்பது வருடமாக இருக்கிறேன். சுற்றுலா வந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள், கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள் என்று யார் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அதே பதினைந்து, இருபது கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

சதுப்புன்னா பிச்சாவரம், பள்ளிக்கரணை மாதிரி கடல் பக்கம்தானே இருக்கும்? ஊட்டியில ஏது சதுப்பு?

பிச்சாவரம் அலையாத்திக் காடு. அங்கே உப்பும் அலையும் கலந்த நீர். பள்ளிக்கரணை கழுவெளி, சுற்றுவட்டாரத்து மழைநீர் வந்து தங்கிக் கடலுக்குப் போகும் தாழ்நிலம். இரண்டும் சதுப்புதான், ஆனால் சதுப்பு கடற்கரைக்கு மட்டும் சொந்தமில்லை. தண்ணீர் வடியும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் அதிகமாக இருக்கும் எந்த இடமும் சதுப்பாகலாம், அது 2,000 மீட்டர் உயரமாக இருந்தாலும் சரி.

நீலகிரி மேல்மலையில் ஒரு புல்மேட்டில் நின்று கீழே பாருங்கள். மேடு முழுக்கப் புல், மடிப்புகளில் சோலை என்ற அடர்ந்த மலைக்காடு, இரண்டு மேடுகளுக்கு நடுவே தட்டையாக ஒரு பள்ளத்தாக்கு. அந்தத் தட்டையான அடிப்பகுதி கொஞ்சம் கறுத்த பச்சையாகத் தெரிந்தால் அதுதான் சதுப்பு. கால் வைத்தால் நிலம் லேசாக அசையும். நடுவில் ஒரு ஓடை நூல்போலப் போகும்.

பீட், பீட்டுன்னு சொல்றீங்களே, அது என்ன? நெய்வேலி நிலக்கரி மாதிரியா?

பாடப்புத்தகத்தில் இதை 'முற்றா நிலக்கரி' என்பார்கள். அந்தப் பெயர் தப்பில்லை. செத்த புல்லும் கோரையும் சாதாரண மண்ணில் விழுந்தால் ஓரிரு வருடத்தில் மக்கிக் காணாமல் போகும். நீர் தேங்கிய இடத்தில் காற்று புகாது. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், அது இல்லாததால் வேலை பாதியில் நின்றுவிடும். மலையின் குளிரும் சேர்ந்துகொள்ள, பாதி மக்கிய நார் அடுக்கடுக்காகச் சேரும். கறுப்பாக, ஈரமாக, கையில் பிழிந்தால் பழுப்பு நீர் சொட்டும் அந்த மண்தான் பீட். அது புதைந்து, அழுந்தி, கோடிக்கணக்கான ஆண்டு கிடந்தால் நெய்வேலியில் தோண்டுகிறார்களே, அந்தப் பழுப்பு நிலக்கரி மாதிரி ஆகும். பீட் அந்தப் பயணத்தின் முதல் படி.

காற்றில்லாத இடம் எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கும் என்பதற்கு ஒரு கதை. 1950-இல் டென்மார்க்கில் எரிபொருளுக்காகப் பீட் வெட்டப் போனவர்கள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். முகத்தில் தாடி முளைகூடத் தெரிந்ததால், யாரோ சமீபத்தில் கொலை செய்து புதைத்துவிட்டார்கள் என்று போலீசைக் கூப்பிட்டார்கள். ஆய்ந்து பார்த்தால் 2,000 வருடத்துக்கும் மேல் பழைய உடல்! இன்று அதை 'டோலண்ட் மனிதன்' என்கிறார்கள்.

அப்போ மாடித் தோட்டத்துக்கு வாங்குற கோகோ பீட்டும் இதுதானா?

இல்லை. அது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் கிடக்கும். தண்ணீரைப் பீட் போலவே பிடித்து வைக்கும் என்பதால் வியாபாரப் பெயராக 'பீட்' ஒட்டிக்கொண்டது. தாராளமாக வாங்குங்கள். 'பீட் மாஸ்' என்று நர்சரிகளில் விற்பது வேறு. அது குளிர்நாட்டுச் சதுப்பைச் சுரண்டி எடுப்பது, தேங்காய்த் தூள் கிடைக்கும் ஊரில் அதற்கு ஒரு அவசியமும் இல்லை.

பாக், ஃபென்னு ரெண்டு வார்த்தை புத்தகத்துல வருது. நம்மூர்ல இருக்கிறது எது?

மழையை மட்டுமே குடித்து வாழ்வது பாக். நிலத்தடியிலிருந்தும் சரிவிலிருந்தும் கசியும் நீரைக் குடிப்பது ஃபென். பாக்கில் தாது உப்பு மிகக் குறைவு, அமிலம் அதிகம், பெரும்பாலும் ஸ்பேக்னம் என்ற பாசி ஆளும். ஃபென்னில் புல், கோரை வகைகள் ஆளும்.

நீலகிரியில் இருப்பதை எல்லோரும் 'பீட் பாக்' என்றே எழுதுகிறார்கள். ஆனால் இவை பள்ளத்தாக்கில் கிடப்பவை, இரு பக்கச் சரிவிலிருந்தும் கசியும் நீரில் வாழ்பவை, பீட்டும் கோரை, புல் செத்து உண்டானது. இலக்கணப்படி பார்த்தால் ஃபென்னுக்குத்தான் நெருக்கம். இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. சரிவில் நடப்பதெல்லாம் சதுப்பில் வந்து விழும் என்பது இதற்குள் இருக்கிறது. மேட்டில் மரம் நட்டாலும், உரம் போட்டாலும், ரோடு வெட்டினாலும் கீழே தெரியும்.

அங்க என்னதான் இருக்கு? வெறும் கோரையும் தவளையும்தானே?

குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு விரல் உயரத்தில் ட்ரோசெரா என்ற செடி இருக்கும். இலையைச் சுற்றிச் சிவப்பு மயிர், ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி போலப் பசை. பூச்சி ஒட்டினால் இலை மெல்ல மடிந்து அதைத் தின்றுவிடும். யுட்ரிகுலேரியா என்று இன்னொன்று, மேலே பார்க்கச் சாதுவான சின்னப் பூ, ஈர மண்ணுக்குள் குண்டூசித் தலை அளவில் பைகள் வைத்து நுண்ணுயிர்களை உறிஞ்சிப் பிடிக்கும். சதுப்பு மண்ணில் நைட்ரஜன் பற்றாக்குறை, அதனால்தான் இந்தச் செடிகள் வேட்டைக்கு இறங்கின.

குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து ஒரு வகைக் காட்டு உள்ளான் இந்தச் சதுப்புகளுக்கு வரும். மிதிக்கும் தூரம் வரை அசையாமல் கிடந்துவிட்டுச் சட்டென்று எழும். ஓடையில் நீர்நாய் எச்சம் கிடக்கும், நீர்நாயைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த மலையின் பழங்குடியினரான தோதவர்களை (தோடர்களை) கேட்டால் வேறொரு பட்டியல் சொல்வார்கள். அவர்களுடைய பால்கோயிலின் வளைந்த கூரைக்கு வேய்வது கண்ட புல்லும் இல்லை. அவ்ஃபுல் என்று அவர்கள் சொல்லும் ஒரு புல், எரியோக்ரைசிஸ் இனத்தைச் சேர்ந்தது, சதுப்பில் மட்டும் வளரும். சதுப்புகள் சுருங்கச் சுருங்க ஒரு கூரைக்குப் புல் சேர்க்க வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது.

இந்தப் புல்வெளி, சேறு எல்லாம் காட்டை வெட்டினதால வந்ததுதானே? பழையபடி காடாக்கினா நல்லதுதானே?

இதை ரொம்பப் படித்தவர்களே கேட்கிறார்கள். ஒரு காலத்தில் வனத்துறைப் புத்தகங்களிலும் இப்படித்தான் இருந்தது. இதற்குப் பதில் சொன்னதே சதுப்புதான்.

பீட் வருடாவருடம் அடுக்காகச் சேருவதால் அது ஒரு நாட்குறிப்பு. சோலை மரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி ஒன்று, வெப்பமண்டலப் புற்கள் பல செய்யும் வழி வேறு. இரண்டும் கார்பனில் வெவ்வேறு கைரேகை விடும், அது பீட்டில் அப்படியே தங்கும். ராமன் சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர் குழு நீலகிரிப் பீட்டைத் தோண்டி அளந்து 1993-இல் ஆய்விதழில் வெளியிட்டது. 1997-இல் சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் பீட் வழியாக அந்தப் பதிவு 40,000 ஆண்டு வரை நீண்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகமே பனியுகத்தில் இருந்தபோது, இங்கே வறட்சி, புல்லின் ஆட்சி. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது மரமும் ஈரம் விரும்பும் செடிகளும் பெருகின. அப்புறம் மறுபடி இறக்கம், மறுபடி ஏற்றம்.

ஆக, இந்த மலைக்குக் கோடாரி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி இருந்திருக்கிறது. அது அழிந்த காட்டின் மிச்சம் இல்லை. இப்படிப்பட்ட பீட் ஆவணக் காப்பகத்தைக் கேரட் தோட்டத்துக்காக உழுதுபோட்ட கதை பின்னால் வருகிறது.

சதுப்பு பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி கோடையில ஆத்துக்கு விடும்னு எல்லா போர்டுலயும் எழுதியிருக்கே, உண்மையா?

பாதி உண்மை. நானும் முதலில் இதையே மேடையேறிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே நனைந்த பஞ்சு இன்னும் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? நல்ல நிலையில் உள்ள பீட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். ஆடி மழையில் அது நிறைந்துதான் இருக்கும், மேலே விழுவது மேலேயே வழிந்து ஓடும். கோடையிலும் அடிப்பீட்டிலிருந்து நீர் சுலபத்தில் வெளியே வராது, நுண்துளைகள் அவ்வளவு இறுக்கம்.

கோடையில் ஓடை ஓடுவதற்குப் பெரும்பங்கு சுற்றியுள்ள புல்மேட்டு மண்ணும் சோலையும் மெல்லக் கசிய விடும் நீர். சதுப்பு செய்வது வேறு வேலை. ஓடிவரும் வெள்ளத்தைக் கோரைத் தண்டுகளில் முட்ட வைத்து நிதானப்படுத்தும், வண்டலைக் கீழே இறக்கும், ஓடை தரையை அறுத்துக்கொண்டு பள்ளம் போகாமல் தடுக்கும். ஓடை ஆழமாக அறுத்துவிட்டால் இரு பக்க நிலத்தடி நீரும் அதில் வடிந்துவிடும். பவானியும் மோயாறும் இந்த மலையிலிருந்துதான் காவிரிக்குப் போகின்றன என்பதால், பஞ்சு கதை இல்லாமலேயே இதற்கு மதிப்பு உண்டு.

கற்பூர மரம் தண்ணிய குடிச்சிடும்னு சொல்றது உண்மையா, சும்மா கதையா?

சமவெளியில் தைலமரம் என்பதை மலையில் கற்பூர மரம் என்போம். 1843 வாக்கில் விறகுக்காக வந்தது. இருபதாம் நூற்றாண்டில் ரேயான் நூலுக்கான மரக்கூழுக்கென்று புல்மேடுகளிலும் சதுப்பு ஓரங்களிலும் பெருந்தோட்டமாகப் போட்டார்கள்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கனில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்தார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் நீலக் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு கால் பங்கை எட்டியது. சரிவிலிருந்து கசியும் நீரை நம்பி வாழும் சதுப்புக்கு இது சாப்பாட்டுத் தட்டில் கை வைப்பது.

எங்க ஸ்கூல்ல இருந்து 200 கன்னு கொண்டு வர்றோம் சார். சதுப்புல நட்டுக் குடுக்குறீங்களா?

வேண்டாம். மாதம் ஒருமுறையாவது யாராவது நல்ல மனதோடு இதைக் கேட்கிறார்கள், மறுத்தால் முகம் வாடிவிடுகிறது.

என் தப்பையே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நாங்களும் ஒரு சதுப்பின் நடுவில் அறுபது சோலைக் கன்றுகள் நட்டோம். ஜூலையில் நட்டது, நவம்பர் வரை ஜோராக இருந்தது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கியது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அதனால் உறைபனி கொட்டுவது சதுப்பின் மேல்தான். பிப்ரவரியில் போய்ப் பார்த்தபோது ஒரு கன்றும் உயிரோடு இல்லை, எல்லாம் தீய்ந்த தீக்குச்சி. சோலை ஏன் மேட்டு மடிப்பில் ஒதுங்கி நிற்கிறது, சதுப்பில் ஏன் மரம் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

உறைபனிக்குத் தப்பும் மரம் என்றால் சீகை (ஆங்கிலத்தில் வாட்டில், சீயக்காய் இல்லை) மாதிரி வெளிநாட்டு மரம்தான். அது வேரூன்றினால் சதுப்பை உலர்த்திவிடும். மரம் நட்டே ஆக வேண்டும் என்றால் அழிந்த சோலையின் ஓரம் இருக்கிறது, அங்கே வாருங்கள், குழி எடுக்க நானே வருகிறேன்.

சரி, மரம் வேணாம். குளமாவது வெட்டி விடலாமா? தண்ணி நிக்குமே.

ஈரநிலம் என்றாலே திறந்த நீர்ப்பரப்பு, அதில் வாத்து, ஒரு படகு என்ற படம் மனதில் பதிந்துவிட்டது. ஜேசிபி வைத்துச் சதுப்பைத் தோண்டினால் பீட் வெளியே வந்து கரையாகக் குவியும், காற்றுப் பட்டு மக்கிப் போகும். குளத்தின் ஓட்டை வழியே சுற்றியுள்ள சதுப்பும் வடியும். 'நீர்நிலை மேம்பாடு' என்று போர்டு மாட்டிய இப்படி ஒரு குளத்தைப் பார்த்தேன். மூன்றாம் வருடம் ஓரமெல்லாம் கிக்குயூ என்ற வெளிநாட்டுப் புல், நடுவில் பாசி. கோரை இருந்த சுவடே இல்லை.

அப்போ மீட்கிறதுன்னா என்னதான் செய்வீங்க?

தண்ணீரை முதலில் சரிசெய்வோம். செடியைப் பற்றி யோசிப்பது அதற்கப்புறம். இந்த வரிசையை மாற்றிச் செய்த வேலை எதுவும் எங்களுக்கு நிலைக்கவில்லை.

கெட்ட சதுப்பில் ஏறக்குறைய எப்போதும் ஒரு வாய்க்கால் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கான் என்போமே, அதுதான். எப்போதோ யாரோ காய்கறிக்காகவோ மரம் நடவோ நீரை வடிக்க வெட்டியது. அதைத் தேடுவதே பாதி வேலை, மேலே புல் மூடியிருக்கும், மழை நாளில் நடந்தால்தான் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிறகு மேல் முனையிலிருந்து கீழ்நோக்கிப் படிப்படியாக அடைப்போம். ஒரே இடத்தில் பெரிய அணை கட்டினால் முதல் பெருமழை அதை அடித்துக்கொண்டு போகும், அதனால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் இறக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அடைப்பு. குறுக்கே வைக்கக் கட்டை வேண்டுமே? மேட்டில் வெட்டிய கற்பூர மரமும் சீகையும்தான். நீரைக் குடித்த மரமே நீரைக் காக்கட்டும் என்று ஒரு அற்ப சந்தோஷம். கட்டை இடுக்கில் அங்கேயே வெட்டிய புல்தரைத் துண்டுகளை வைத்து மிதித்து இறுக்குவோம்.

நீர்மட்டம் ஏறுகிறதா என்று பார்க்கத் துளை போட்ட பிவிசி குழாயைச் சதுப்பில் இறக்கி வாரம் ஒருமுறை குச்சி விட்டு அளக்கிறோம். தரைக்கு ஒரு சாணுக்குள், ஆனால் தரைக்கு மேலே தேங்காமல் நின்றால் திருப்தி. ஏன் மேலே தேங்கக் கூடாது என்பது மீத்தேன் கேள்வியில் வரும்.

அடுத்தது களை எடுப்பு. சீகையை வெட்டினால் போதாது, அதன் விதை மண்ணில் 50 ஆண்டு வரை உயிரோடு கிடக்கும், தீப்பட்டால் இன்னும் உற்சாகமாக முளைக்கும். வருடா வருடம் கன்றைக் கையால் பிடுங்கத்தான் வேண்டும். கல்யாண மேடைக்கு வைக்கிற வெள்ளை ஆரம் லில்லி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து ஓடையோரமெல்லாம் பரவிவிட்டது. கிழங்கில் ஒரு துண்டு விட்டாலும் திரும்ப வரும். கடைசியாகத்தான் நடவு. அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் அதே பள்ளத்தாக்கிலுள்ள நல்ல சதுப்பிலிருந்து கோரைக் கொத்துகளைக் கொஞ்சமாக எடுத்து, நர்சரியில் பிரித்துப் பெருக்கி வைப்போம்.

எத்தனை வருஷத்துல பழையபடி ஆகும்?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீர்மட்டம் முதல் மழைக்காலத்திலேயே ஏறும். கோரை இரண்டு, மூன்று வருடத்தில் மூடும். பூச்சி தின்னும் செடிகள் எங்கள் ஒரு சதுப்பில் ஐந்தாம் வருடம் வந்தன, இன்னொன்றில் இன்னும் வரவில்லை.

பீட் திரும்பாது, நம் காலத்தில். நல்ல சதுப்பில்கூட வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தால் பெரிது. ஒரு மண்வெட்டி ஆழம், 25 சென்டிமீட்டர், வெட்டிப் போட்டது 250 வருடம். ஆகவே, நாங்கள் செய்வது பெரும்பாலும் இருக்கும் பீட்டை ஈரமாக வைத்திருப்பதுதான். 'மீட்பு' என்ற சொல்லே கொஞ்சம் அதிகப்படி.

தோதவர் எருமை சதுப்புல எறங்கி மிதிக்குதே, அதை முதல்ல தடுக்க வேணாமா?

தோதவரும் எருமையும் இந்தச் சதுப்புகளோடு எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள், சதுப்பும் இருந்தது. கேட்டுக்குக் காரணத்தை அதற்குப்பின் வந்தவற்றில் தேடுங்கள். எருமை உயரப் புல்லைக் கடித்துக் குட்டையாக வைப்பதால் சின்னச் செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது, புரண்ட குழியில் நீர் நின்று தவளை முட்டையிடும். மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் சில இடங்களில் சீகையும் முட்செடிகளும்தான் ஏறுகின்றன.

ஆனால் கணக்கு உண்டு. ஊர் மாடுகள் முழுவதும் ஒரே சின்னச் சதுப்பில் தினமும் இறங்கினால் அது சேற்றுக் களமாகும். புதிதாக அடைத்த வாய்க்காலைச் சுற்றி இரண்டு மழைக்காலம் வேலி போடுவோம், அப்புறம் எடுத்துவிடுவோம். எங்கே, எப்போது என்பதைப் பக்கத்து மந்து (தோதவர் குடியிருப்பு) பெரியவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

சேறு எப்படிங்க எரியும்? பீட் தீ, பீட் தீன்னு பயமுறுத்துறீங்க.

ஈரமாக இருக்கும்வரை எரியாது. உலர்ந்த பீட் விறகுதான். அயர்லாந்தில் நூற்றாண்டுகளாக வெட்டி, உலர்த்தி அடுப்பெரித்தார்கள், மின்நிலையமே ஓட்டினார்கள். அந்நாட்டு அரசு நிறுவனமான போர்ட் நா மோனா பீட் எடுப்பதை நிறுத்துவதாக 2021-இல்தான் அறிவித்தது.

இந்தோனேசியா 1996-இல் காலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் காட்டை நெல்வயலாக்கப் போகிறோம் என்று 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டியது. நெல் வரவில்லை, பீட் உலர்ந்தது. அடுத்த வருடமே எல் நினோ வறட்சி, பற்றிக்கொண்டது. பீட் தீ தரைக்கு அடியில் புகைந்துகொண்டே நகரும், மேலே தண்ணீர் ஊற்றினால் அணையாது. புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூடியது.

அண்ணா, எங்க நிலம் பட்டா. தாத்தா காலத்துல இருந்து கேரட், உருளை போடுறோம். விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?

இல்லை. சோறு போடுவது அந்த நிலம்தான், அதை மறந்துவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள், தாத்தா வெட்டிய வாய்க்காலை அப்பா ஆழப்படுத்தியிருப்பார், நீங்களும் ஆழப்படுத்துகிறீர்கள். ஏன்? வடிந்த பீட்டில் காற்று புகும், மக்கும், புகையே இல்லாமல் கரியமில வாயுவாகப் போகும். நிலம் தாழும். தாழ்ந்ததும் மறுபடி ஈரம் ஏறும், மறுபடி தோண்ட வேண்டும்.

இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில், பக்கத்து ஏரியை வடித்த 1850-களின் தொடக்கத்தில் ஒரு இரும்புத் தூணைத் தரையோடு தரையாகப் புதைத்தார்கள். தூண் நகரவில்லை, நிலம் இறங்கியது. இன்று தூண் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் நிற்கிறது. உங்கள் நிலத்தில் பீட் எவ்வளவு ஆழம் என்று ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். அதற்கு அடியில் களிமண்ணும் கல்லும்தான், அங்கே கேரட் வராது.

செய்யக்கூடியது: வாய்க்காலை இனி ஆழப்படுத்தாமல் இருப்பது. ஓடையை ஒட்டிய, எப்படியும் விளைச்சல் குறைவான அந்தப் பத்தடிப் பட்டையைக் கோரைக்கு விடுவது. போகம் இல்லாத மாதங்களில் வாய்க்கால் வாயைக் கல் வைத்து அடைப்பது. கேரட் கழுவிய தண்ணீரை நேராக ஓடையில் விடாமல் அந்தக் கோரைப் பட்டை வழியே விடுவது. இந்த நாலையும் செய்யும் விவசாயிகள் இருக்கிறார்கள், அவர்களில் யாரும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை.

ஈரம் திரும்பினா மீத்தேன் வரும்னு படிச்சேன். அப்போ சதுப்பை மீட்கிறது பூமிக்குக் கெடுதல் இல்லையா?

நல்ல கேள்வி. வரும். கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைக்குக் காரணம் என்று சொல்லப்படும் சதுப்புவாயுவில் பெரும்பங்கு இதுதான். காற்றில்லாத சேற்றில் சில நுண்ணுயிர்கள் மீத்தேன் செய்யும், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு சூடேற்றும். ஈரமாக்கிய முதல் சில வருடம் அது கூடுவதும் உண்மை.

ஆனால் மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சிதைந்துவிடும். வடித்த பீட்டிலிருந்து போகும் கரியமில வாயு நூற்றாண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே இருக்கும், பீட் தீரும் வரை நிற்காது. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் 3 சதவீதம்தான், அதில் உள்ள கார்பன் உலகக் காடுகள் எல்லாவற்றின் மரங்களில் உள்ளதைவிட அதிகம். கூட்டிக் கழித்தால் ஈரமாக்குவதே லாபம். அதோடு, மீத்தேன் மிக அதிகம் வருவது நீர் ஆழமாகத் தேங்கும் இடத்தில். நீர்மட்டம் தரைக்குச் சற்றே கீழே நின்றால், மேலடுக்கில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் வழியிலேயே மீத்தேனில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். குழாயும் குச்சியுமாக அளப்பது இதற்காகத்தான், குளம் வேண்டாம் என்பதற்கும் இது இன்னொரு காரணம்.

சதுப்பு இருந்தா கொசு வருமே?

மேல்மலையின் குளிரில் கொசு குறைவு. கொசுவுக்குப் பிடித்தது தேங்கிய நீர்தான், கோரைக்குள் மெல்ல நகரும் நீரில் தட்டான் குஞ்சும் தவளையும் காத்திருக்கும். உங்கள் வீட்டுப் பின்னால் கிடக்கும் பழைய டயரைப் பாருங்கள் முதலில்.

சட்டம் இதையெல்லாம் காப்பாத்தாதா? ராம்சர்னு பேப்பர்ல வருதே.

1971-இல் ஈரானிலுள்ள ராம்சர் நகரில் கையெழுத்தான, ஈரநிலங்களைக் காப்பதற்கான உடன்பாடு அது, இந்தியா 1982-இல் சேர்ந்தது. 2025 பிப்ரவரிக் கணக்கில் தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள். நீலகிரியில் ஒன்று, கோத்தகிரி லாங்வுட் சோலை, 2024-இல் சேர்ந்தது. அதன் ஊற்றுகள்தான் கீழேயுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர்.

மற்றவற்றின் சிக்கல், அளவு. நாட்டின் ஈரநில வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்கு (சுமார் ஐந்தரை ஏக்கர்) குறைந்தவை வெறும் புள்ளிகள். உச்ச நீதிமன்றம் 2017-இல் காக்கச் சொன்ன 2,01,503 ஈரநிலங்களும் அந்த அளவுக்கு மேற்பட்டவை. நீலகிரிச் சதுப்பு பலவும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். வனத்துறை நிலத்தில் இருப்பவை காட்டுச் சட்டத்தால் தப்பிக்கின்றன, முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை அதில் அதிர்ஷ்டசாலிகள். பட்டாவிலும் வருவாய்த்துறைப் புறம்போக்கிலும் இருப்பவை காகிதத்தில் பெரும்பாலும் 'தரிசு'. அந்த ஒரு சொல்லை மாற்ற வைத்தால் பாதி வேலை முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. கிராம சபையில் ஊர்ச் சதுப்பின் பெயரையும் சர்வே எண்ணையும் தீர்மானமாக எழுத வைப்பது ஒரு தொடக்கம்.

அடுத்த மாசம் குடும்பத்தோட ஊட்டி வர்றோம். ஒரு சதுப்பையாவது எங்க பார்க்கலாம்?

பஸ் ஸ்டாண்டில் இறங்குவீர்கள் அல்லவா, அங்கிருந்தே தொடங்கலாம். ஜான் சல்லிவன் 1820-களில் ஓடையை மறித்து, ஈரப் பள்ளத்தாக்கை மூழ்கடித்துக் கட்டியதுதான் ஊட்டி ஏரி. அது அப்போது இன்றிருப்பதைவிடப் பெரிதாக இருந்தது, பிறகு அதன் ஒரு பகுதியை மேடாக்கித்தான் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. பெருமழையில் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

உயிருள்ள சதுப்பைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வனத்துறை வழிகாட்டியோடு மேல்மலைக்குப் போங்கள். ஓரத்திலேயே நில்லுங்கள், உள்ளே இறங்க வேண்டாம். பீட்டில் ஒரு பாதத்தடம் மறைய வெகுநாள் ஆகும், குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக ஓடினால் அதுவே ஒரு வாய்க்கால். காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் ட்ரோசெராவின் பசைத்துளி வெயிலில் மின்னும். ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்கள்.